அம்மாவாணை, பிள்ளையாணை

என் ஒரே தம்பி ரகுவுக்கு,

என்ரை குஞ்சு என்று தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. உன்னோடு எனக்குக் கோபம், தம்பி. செத்தவனோடு என்ன கோபம் என்று சனம் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும். நீ உயிரோடு இருந்திருந்தால் உன் வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்தியிருப்பேன். இப்போது பேப்பரில் கத்துகிறேன்.

எல்லோரும் வாசிக்கவேண்டும் என்றுதான் இதை வெளியில் எழுதுகிறேன். மறைத்து மறைத்துத்தானே எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தாய்? எழுதட்டுமா என்று உன் மனைவியிடமும் மகளிடமும் கேட்டேன். "எழுதுங்கோ மச்சாள், ஒண்டும் விடாமல் எழுதுங்கோ" என்றாள் வதனி. கயல் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போனாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை, அதற்கு மேல் என்ன சொல்வாள்?

முதலில் உன் சிநேகிதர்களைப் பற்றிச் சொல்கிறேன். உன்னோடு மலை ஓட்டம் ஓடித்திரிந்த அந்தக் கூட்டம் உன் நினைவாக ஒரு ஓட்டம் வைக்கப் போகிறதாம். ரீசேட் அடித்துவிட்டார்கள். முன்னுக்கு உன் படம், பின்னுக்கு "நில்லாதே" என்று கொட்டை எழுத்து. ஒன்றை எனக்கும் கொண்டுவந்து தந்து, "அக்கா, நீங்கள்தான் அண்டைக்கு ரகு அண்ணையை எழுப்பி அனுப்பினீங்கள், நீங்கள்தான் வந்து பேசோணும்" என்றார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ரீசேட்டை வாங்கி வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். பேச வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை.

நீ ஏன் ஓடத் தொடங்கினாய் என்று எனக்குத் தெரியும். சிட்னியில் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் உன்னை அடைத்து வைத்திருந்தபோது மெல்பேர்னில் இருந்து இரவு பஸ் ஏறி உன்னைப் பார்க்க வருவேனே. உள்ளே வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி நடப்பதாகச் சொல்வாய். "வெளியில விட்டாங்கள் எண்டால் அக்கா, வேலி இல்லாத இடமாப் பாத்து ஓடோணும்" என்பாய். விட்டார்கள். ஓடினாய். முதலில் பூங்காவைச் சுற்றி, பிறகு மரதன் ஓட்டம், பிறகு அதுவும் போதாமல் மலைகளில் நாள்கணக்காக ஓடுகிற ஓட்டம். இரவும் பகலும், மழையும் பனியும், நித்திரை என்றால் பாறையோரம் சாய்ந்து கொஞ்சம் கண்ணை மூடுவது மட்டும். பைத்தியம் என்று திட்டிக்கொண்டே நானும் உன் பின்னால் வந்தேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த ஓட்டங்களில் ஓடுகிறவனுக்கென்று ஒரு ஆள் காரில் மலையைச் சுற்றிக்கொண்டிருக்கவேண்டும். சாப்பாடு, மாற்றுச் சப்பாத்து, காய்ந்த உடுப்பு எல்லாம் காவிக்கொண்டு செக்பொயின்ற் தோறும் போய்க் காத்திருக்கவேண்டும். அந்த ஆள் நான். செக்பொயின்ற் என்றால் நாங்கள் வளர்ந்த காலத்தில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நெஞ்சு இடிக்க நிற்கிற இடம். இங்கே வாழைப்பழமும் கோலாவும் தருகிறார்கள். முதல்முறை அந்தச் சொல்லைக் கேட்டு நான் விழித்த விழியைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்காகச் சிரித்தாயே, அறுவானே.

வெள்ளைக்காரர்கள் பைகளில் பிதுக்கிக் குடிக்கிற இனிப்புப் பசை உனக்கு இறங்காது. உனக்குச் சுடுதண்ணிப் போத்தலில் ரசமும், சம்பல் போட்டுக் குழைத்த சோற்று உருண்டையும் வேண்டும். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் மணத்துக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தன் ரசத்தை ஒரு மிடறு குடித்துவிட்டு இருமிக்கொண்டே ஓடினதை நீயும் பார்த்தாய். நல்லாய்த்தான் இருந்தது அந்தக் காலம். அதையும் சேர்த்துத்தான் கெடுத்தாய்.

சத்தியத்துக்கு வருகிறேன்.

ஒருமுறை மூன்றாம் நாள், பனித்தூறலில், என் முன்னால் இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதாய். ஏலாது, விலகப்போகிறேன் என்றாய். பாவம் பார்த்து, நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தை நானே கழற்றிக் கொடுத்துவிட்டு உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நன்றி சொன்னாயா? மாதக்கணக்காக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு வெரிபீயில் என் வீட்டுக்கு வந்து, குசினியில் அடுப்படியில் நின்று சண்டை பிடித்தாய்.

"நீ ஏனக்கா விட்டனீ?"

"நீதானேடா அழுதனீ."

"எனக்கு நித்திரை இல்லாமல் மூளை குழம்பிப் போச்சு. உனக்குக் குழம்பயில்லைத்தானே? மூண்டாம் நாள் எல்லாரும் அழுவாங்கள். அழுறவனை எழுப்பி விடத்தான் ஆள் வாறது."

அதோடு விட்டாயா? "அம்மாவாணைச் சத்தியம் பண்ணு. நான் அழுதாலும், காலைப் பிடிச்சாலும், எலும்பு முறிஞ்சால் ஒழிய என்னை நிக்க விடமாட்டன் எண்டு."

"செத்த மனுசியை ஏன்ரா இதுக்குள்ள இழுக்கிறாய்?"

"அப்பத்தான் நீ மாறமாட்டாய்."

பண்ணினேன். இந்த ஓட்டக்காரர்கள் எல்லோருமே தங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வாக்கு வாங்குகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் வாங்குவது வெறும் வாக்கு. உன்னிடம்தான் அம்மா இருந்தாள், அவளைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாய். அம்மாவாணை என்று சொல்லிவிட்டால் நான் வெட்டினாலும் மாறமாட்டேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் நீ ஏலாது என்பதும், நான் எழும்படா என்று துரத்துவதும், முடிவில் நீ என்னைக் கட்டிப்பிடித்துச் சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது.

கடைசி ஓட்டத்துக்கும் நான்தான் உன்னை ஏற்றிக்கொண்டு போனேன். மெல்பேர்னில் இருந்து மலையடி ஊரான பிரைட் வரைக்கும் என் பக்கத்து சீற்றில் இருந்தாய். பாட்டுக் கேட்டாய். கச்சான் கடலை கொறித்தாய். நான் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குழப்படிகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாய். அவ்வளவு தூரம், அவ்வளவு நேரம். "அக்கா, அந்தச் சத்தியத்தை விட்டுவிடு, இந்தமுறை நான் ஏலாது எண்டால் நிப்பாட்டு" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

மூன்றாம் நாள் பின்னேரம், ஹோதம் மலையில் றோட்டோரச் செக்பொயின்றுக்கு வந்தாய். முகில் றோட்டு வரைக்கும் இறங்கி நின்றது. முகம் சாம்பல் பூத்திருந்தது. மடிக்கிற கதிரையில் இருந்தாய். இந்தமுறை அழவில்லை.

"அக்கா, காணும். ஏலாது."

நான் ரசம் வார்த்துத் தந்தேன். சப்பாத்தை மாற்றிவிட்டேன். வேர்த்துப் போன உப்புக்கு நீ விழுங்குகிற உப்புக் குளிசைப் போத்தலைத் திறந்து, நீ காட்டினதை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். "எழும்படா. சத்தியம் வாங்கினது நீ" என்றேன். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாய். வாய் திறக்கப் போகிறவன் மாதிரித்தான் இருந்தது. பிறகு, "நீ சொன்னால் சரி" என்று எழும்பிப் போனாய்.

கதிரையை மடித்துக் காரில் வைக்கும்போது தொண்டர்களின் ரேடியோ கத்தத் தொடங்கியது. உன் பின்னால் ஓடிவந்த இரண்டு பேர் உன்னைப் பாதையில் கண்டு நெஞ்சை அமத்தி அமத்திப் பார்த்திருக்கிறார்கள். முகிலுக்குள் ஹெலிகொப்டர் இறங்க முடியவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் மாற்றிவிட்ட சப்பாத்து சேறு படாமல் இருந்தது.

செத்த வீட்டில் அன்ரிமார் குசுகுசுத்தது என் காதுபடத்தான். "தமக்கைதானாம் எழுப்பி அனுப்பினவா. பெடியன் ஏலாது எண்டவனாம்." பொய்யா சொன்னார்கள்? வதனி என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வரவேண்டாம் என்று ஆள்விட்டுச் சொன்னாள். கூடப்பிறந்தவனின் அந்தியேட்டிக்கு நான் வீட்டில் இருந்தேன், தம்பி. அவள் என்னைக் கொலைகாரி என்று நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பஸ் ஓட்டினேன், சமைத்தேன், படுத்தேன்.

மாதங்கள் போய், ஒரு நாள் காலை அவளே வந்தாள். உன் வீட்டில் இருந்து வெரிபீக்கு நகரத்தின் ஒரு கரையில் இருந்து மற்றக் கரைக்கு வரவேண்டும், வந்திருந்தாள். கதவைத் திறந்தால் கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே வா என்றேன். வராமல் வாசலிலேயே சொல்லத் தொடங்கினாள்.

"மச்சாள், டொக்டர் கூப்பிட்டுக் கதைச்சவர். இவரின்ர இருதயத் தசை தடிச்சுப்போற வருத்தமாம். பரம்பரையா வாறதாம். கூடப்பிறந்தவை, பிள்ளையள் எல்லாரும் உடன செக் பண்ணோணுமாம். இவருக்கு அப்பவே விளங்கப்படுத்திச் சொன்னவையாம்."

"அப்பவே எண்டால்? எப்ப? அவனுக்கு வருத்தம் இருந்ததா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? "உங்களுக்குக் கடைசி மட்டும் சொல்லயில்லையா?" என்றாள்.

"நீ அறிஞ்சிருந்தனியா?"

அந்த இடத்திலேயே, வாசற்படியில் இருந்துவிட்டாள். இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டத்துக்குச் சில கிழமைக்கு முதல் தலைசுற்றி டொக்டரிடம் போனாயாம். அவளுக்கு, "சின்னத் துடிப்புக் கோளாறு, குளிசை தந்திருக்கினம், இந்த ஓட்டத்தோட நிப்பாட்டிப்போடுவன்" என்றாயாம். பரம்பரை என்ற கதையை அவளுக்கும் சொல்லவில்லை. பிறகு அவளுடைய கையைப் பிடித்து, நித்திரையில் கிடந்த கயலின் தலையில் வைத்து, பிள்ளையாணை, அக்காவுக்குச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாயாம்.

"அக்கா அறிஞ்சால் காருக்குக் குறுக்க படுத்திடுவா எண்டவர் மச்சாள். பிள்ளையின்ர தலையில வச்ச சத்தியம். மீறினால் பிள்ளைக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பயந்துபோனன். உங்கட முகத்தில முழிக்கவும் பயந்துதான் அந்தியேட்டிக்கு வரவேண்டாம் எண்டனான்."

பார், தம்பி, நீ செய்த வேலையை. உன்னை நிற்க விடக்கூடாது என்று என்னிடம் ஒரு சத்தியம். நீ நிற்கவேண்டியவன் என்பதை எனக்குச் சொல்லக்கூடாது என்று அவளிடம் ஒரு சத்தியம். நான் அம்மாவை நினைத்து உன்னை எழுப்பினேன். அவள் பிள்ளையை நினைத்து வாயை மூடினாள். இரண்டு பேரையும் இரண்டு பக்கத்தில் கட்டி வைத்துவிட்டு நீ நடுவால் ஓடிப் போனாய். மாதக்கணக்காக நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக, நான்தான் கொன்றேன் என்று சோறு தின்னாமல் கிடந்தோம்.

இன்னொன்றும் சொன்னாள். "இருதயக் குளிசையை எதுக்குள்ள வச்சுக்கொண்டு போனவர் எண்டு தெரியுமோ? அந்த உப்புக் குளிசைப் போத்தலுக்குள்ள." ஆக என் கையாலேயே எடுத்துத் தரவைத்தாய். நான் உப்பு என்று தந்தேன், நீ ஒன்றும் பேசாமல் விழுங்கினாய். இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை, தம்பி. மற்றதெல்லாம் நீ சொல்லாமல் விட்டது. இது என் கண்ணைப் பார்த்துக்கொண்டு செய்தது.

அன்று நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில் இருந்து உன்னைத் திட்டின திட்டு கொஞ்சமல்ல. "கள்ளன்" என்றாள் அவள். "பச்சைக் கள்ளன்" என்றேன் நான். அழுகையும் வந்தது, இடையில் சிரிப்பும் வந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எல்லாம் ஓகேயா என்று கேட்டாள். ஓகே என்றோம்.

அவள் போனபிறகுதான் எனக்கு அது உறைத்தது. கூடப்பிறந்தவை என்றால் நான்தானே? என் பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எனக்கும் அந்த வருத்தம் இருந்து, ஓட்டிக்கொண்டு போகும்போது மயங்கி விழுந்திருந்தால்? பஸ் டிப்போவுக்கு உடனே போன் எடுத்து, ஸ்கான் முடியும்வரை ஓட்டமாட்டேன் என்று சொன்னேன். அந்தப் பிள்ளைகளின் கதை கேட்டுக் கேட்டுச் சிரித்தவன் நீ. ஒருமுறையாவது உனக்கு இது யோசனை வரவில்லையா?

கயலும் நானும் ஒரே நாளில் ஸ்கானுக்குப் போனோம். எனக்கு ஒன்றுமில்லை. அம்பத்தைந்து வயதுக் கிழவிக்குக் கல்லுப்போல இருதயம். கயலுக்குத் தொடங்கியிருக்கிறது.

நடக்கலாம், மெல்ல நீந்தலாம், போட்டி ஓட்டம் கூடாது என்றார் டொக்டர். பயப்படவேண்டாம், நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டோம், பார்த்துக்கொண்டால் நீண்ட காலம் வாழலாம் என்றும் சொன்னார். பள்ளிக்கூட ஓட்டக் குழுவில் இருக்கிற பிள்ளை அது. ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. தாயைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "டாட் நியூ? என்னையும் செக் பண்ணச் சொல்லி அவருக்குச் சொன்னவையா?"

வதனி ஓம் என்றாள்.

"பட் வீ ரான் எவ்ரி சண்டே."

டொக்டர் சொன்ன பிறகும் ஞாயிறு தோறும் அவளைக் கூட்டிக்கொண்டு டண்டினோங் மலைப்படிகளில் ஏறி ஓடினாயே, உனக்கு என்ன நெஞ்சடா அது? நிற்பாட்டினால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்லவேண்டும், சொன்னால் உன் ஓட்டம் போய்விடும். அதுதானே? பயமாக இருந்ததா? மீண்டும் அடைபடப் போகிறேன் என்று நினைத்தாயா? அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். வில்லாவுட்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தனை பயத்தைக் கேட்டவள் நான்.

என்னை ஏமாற்றினதைக்கூட ஒரு நாளைக்கு விழுங்கிவிடுவேன் என்று நினைக்கிறேன். இதை விழுங்க மாட்டேன்.

போன சனிக்கிழமை கயல் தனியாக ரயில் ஏறி என்னிடம் வந்தாள். தோசை சுட்டுக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு, தோசைத் தட்டில் விரலால் கீறிக்கொண்டே, "மாமி, ஐ ஹாவ் டு டெல் யூ சம்திங்" என்றாள். தாய் காலை வேலைக்குப் போன பிறகு ஏரியைச் சுற்றி ஓடுகிறாளாம். கொஞ்ச நாளாக. முந்தாநாள் தலை சுற்றி, கரையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்தாளாம்.

"ஒரு ஆளுக்காவது தெரியோணும் எண்டுதான் சொல்லுறன். அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. ப்ளீஸ். ப்ராமிஸ் பண்ணுங்கோ." நான் அடுத்த தோசையைப் பிரட்டினேன். "நீங்கள் அப்பாவுக்குப் பண்ணினீங்கள்தானே? அம்மாவாணை எண்டு?"

அந்த முகத்தைப் பார்த்தேன். உன் மூக்கு, உன் பிடிவாதம். அடுப்பை நிற்பாட்டினேன். "எழும்பு, காரில ஏறு" என்றேன். எங்கே என்று கேட்டாள். "கொம்மாட்ட."

வழி நெடுக அவள் அழுத அழுகையும் திட்டின திட்டும்! இங்கிலீஷில் எனக்குத் தெரியாத கெட்ட வார்த்தை இத்தனை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். நான் றோட்டைப் பார்த்து ஓட்டினேன். வதனி வேலையால் வந்து உடுப்புக்கூட மாற்றாமல் கதவைத் திறந்தாள். உள்ளே போய் இருக்காமல், தண்ணி குடிக்காமல், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வதனி ஏசவில்லை, பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்தாள். கயல் திமிறிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஐ ஹேட் யூ, மாமி! ஐ வில் நெவர் டோக் டு யூ!"

"கதையாதை" என்றேன். "சாகிற மட்டும் கதையாதை. கிழவியாகி, பல்லு விழுந்து, அப்பவும் என்னை வெறு."

இந்தக் கிழமை முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. நான் எடுக்கிற போனையும் எடுப்பதில்லை. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று உனக்குச் சொன்னால் விளங்குமா, ரகு? எனக்குத் தெரிந்திருந்தால், அந்த மலையில் உன்னைக் காரோடு சேர்த்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பேன். நீ என்னோடு பத்து வருஷம் கதைத்திருக்கமாட்டாய். கோயிலில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பியிருப்பாய். அந்தப் பத்து வருஷக் கோபத்தைத் தராமல் போனாய், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். யார் தலையிலும் கை வைத்துத் தரவில்லை, சும்மாதான் தருகிறேன். உன் மகள் என்னை வெறுக்க வெறுக்க அவளைப் பார்த்துக்கொள்வேன்.

உன்னோடு கோபம் தீராத
உன் அக்கா